விலாவும் விலையும்

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் நம்மூர்க் கறிக்கடைப் பலகையில் ஒரே விலைதான் எழுதியிருக்கும். தொடையில் கொஞ்சம், நெஞ்செலும்பு ரெண்டு துண்டு, சாப்ஸ் நாலு, நல்லி ஒன்று என்று கேட்கக் கேட்க எல்லாம் அதே தராசில் அதே விலைக்கு விழும். தனிக்கறி கேட்டால் சற்றுக் கூடும். ஈரல், தலை, குடல் கணக்கு வேறு. மற்றபடி நல்ல துண்டு என்பது கூடுதல் பணத்துக்குக் கிடைப்பதில்லை. முதலில் போய் நிற்பவருக்கும் கடைக்காரருக்கு வேண்டப்பட்டவருக்கும் கிடைக்கும்.

லண்டனிலோ பாரிஸிலோ சிட்னியிலோ நிலைமை வேறு. அங்கே ஒரே ஆட்டின் உடல் கண்ணாடிப் பெட்டிக்குள் பத்துப் பன்னிரண்டு விலைகளாகப் பிரிந்து கிடக்கும். கழுத்து மலிவு, தோள் அதைவிடக் கொஞ்சம் கூடுதல், தொடை நடுத்தரம். எல்லாவற்றுக்கும் உச்சியில், எலும்புகள் சீப்பின் பற்களைப்போல வரிசையாக நீட்டிக்கொண்டிருக்க, 'ரேக்' என்ற விலாவரிசை இருக்கும். முழுத்துண்டாக ஓவனில் சுடுவதற்கு வாங்கும் ஆட்டிறைச்சியில் அதற்கு மேல் விலையுள்ளது அரிது.

இந்த உயர்வு எங்கிருந்து வந்தது? தசையிலேயே இருக்கிறதா, வெட்டும் கத்தி கொடுத்ததா, மேய்ந்த நிலம் கொடுத்ததா, சந்தை கட்டியதா? உடற்கூறு, வரலாறு, குளிர்பதனம், சமையல், வணிகம் என்று ஐந்து வழிகளில் இந்தக் கேள்விக்கு விடை சொல்லியிருக்கிறார்கள். அவற்றைச் சேர்த்து எடைபோடுவது இக்கட்டுரையின் வேலை. ஒரு சொல் விளக்கம் மட்டும் முதலில். நாம் மட்டன் என்பது பெரும்பாலும் வெள்ளாடு. இங்கே பேசப்படுவது செம்மறி, அதிலும் ஒரு வயதுக்கு உட்பட்ட குட்டி, ஆங்கிலத்தில் 'லேம்ப்'.

1. சோம்பேறித் தசை

செம்மறிக்குப் பொதுவாக 13 சோடி விலா எலும்புகள். முன்புறம் உள்ள நான்கைந்து, தோள்பட்டைக்கு அடியில் மறைந்து தோள்கறியோடு போய்விடும். கடைசி விலா இடுப்பை ஒட்டிய முதுகோடு சேரும். நடுவில் எஞ்சும் 7 அல்லது 8 விலாக்கள்தான் ரேக். முதுகெலும்பின் இருபுறமும் ஒவ்வொன்றாக, ஓர் ஆட்டுக்கு இரண்டே இரண்டு. இதையே ஒவ்வொரு விலாவாகப் பிரித்துப் போட்டால் நமக்குத் தெரிந்த சாப்ஸ்.

விலாவின் மேல்முனையில், முதுகெலும்பை ஒட்டி நீளவாக்கில் ஒரு தசை ஓடுகிறது. அதன் பெயர் லாங்கிசிமஸ். வெட்டுமுகத்தில் முட்டை வடிவில் தெரியும். ஆங்கிலம் பேசும் கசாப்புக்காரர்கள் அதைக் 'கண்' என்கிறார்கள். ஆடு நடக்கவும் மேடேறவும் தொடையும் தோளும் உழைக்கின்றன. முதுகுத் தசையின் வேலை, தண்டை நிலையாகத் தாங்கி நிற்பது. உழைப்பு குறைந்த தசையில் கொல்லாஜன் என்ற இணைப்புத்திசு குறைவு. பல்லுக்குத் தடையாக நிற்பது அந்தத் திசுதான். குட்டியாக இருக்கும்வரை கொல்லாஜன் இழைகளுக்கு இடையிலான பிணைப்பும் தளர்வாகவே இருக்கும். வயது ஏற ஏறப் பிணைப்புகள் இறுகிச் சூட்டுக்கும் எளிதில் அசையாது. ஆக, வேலை செய்யாத இடத்துச் சதை, வயது ஏறாத உடல் என்ற இரண்டு சலுகைகள் ரேக்குக்கு.

மென்மை மட்டுமே அளவுகோல் என்றால் ரேக் முதலிடம் பெறாது. இடுப்பு முதுகின் உட்புறத்தில் இருக்கும் சோவாஸ் தசை அதைவிட மெத்தென்றது. மாட்டில் அதுவே டெண்டர்லாயின் என்று தனிப்பெயர் பெற்றிருக்கிறது. ஆட்டுக்குட்டியில் அது இரண்டு விரல் தடிமன்கூட இருக்காது. சுட்டால் ஓரம் நிறம் பிடிப்பதற்குள் நடுவும் வெந்துவிடும். ரேக்கில் மென்மையோடு உருவமும் சேர்ந்திருக்கிறது. ஒருபுறம் எலும்பும் மறுபுறம் கொழுப்புத் தோலும் காவல் இருக்க, நடுவில் ஒரே சீரான உருளைச் சதை. வெப்பம் சமமாக ஏறுவதற்குத் தோதான வடிவம்.

2. கத்தி கொடுத்த மதிப்பு

ஆட்டின் உடலில் ரேக் என்று தனியாக எதுவும் இல்லை. கத்தி எங்கே நுழைகிறது என்பதைப் பொறுத்தே அது உண்டாகிறது. பழைய பிரிட்டிஷ் வெட்டில் இதன் பெயர் 'பெஸ்ட் எண்ட்'. கழுத்துப் பகுதியின் நல்ல முனை என்ற கணக்கு. பிரெஞ்சில் 'காரே'. முதுகெலும்பைப் பிளக்காமல் இருபுறமும் சேர்த்து இடுப்பு முதுகை முழுதாக எடுத்தால் 'சேடல்', குதிரைச் சேணத்தின் வடிவம். சேடலோடு இரண்டு தொடையையும் சேர்த்து எடுத்தால் 'பாரன்'. பெருவிருந்துக்கு மட்டுமே உரியது.

ரேக்கின் விலையை ஏற்றும் வேலைப்பாடு அதற்குப் பிறகு தொடங்குகிறது. முதுகெலும்புத் துண்டை அறுத்து நீக்குவார்கள். மேல்தோலையும் தடித்த கொழுப்பையும் சீவுவார்கள். விலாக்களின் கீழ்ப்பகுதியில் எலும்புக்கு எலும்பு இடையே இருக்கும் சதையையும் சவ்வையும் சுரண்டி, எலும்பை வெள்ளையாக நிறுத்துவார்கள். இதற்கு ஆங்கிலத்தில் பிரெஞ்சு வெட்டு என்றே பேர். இரண்டு ரேக்குகளை வளைத்து வட்டமாகக் கட்டினால் 'கிரௌன்', கிரீடம். எதிரெதிரே நிறுத்தி, எலும்புகளைக் கைவிரல் கோத்ததுபோலக் குறுக்காகப் பின்னினால் 'கார்ட் ஆஃப் ஆனர்'; திருமண ஊர்வலத்தில் வாள்களை உயர்த்திப் பந்தலிட்ட சிப்பாய்களின் நினைவு. எலும்பு நுனிகளில் காகிதக் குஞ்சம் மாட்டி வைப்பதும் உண்டு.

இந்தச் சுரண்டலுக்கு ருசி சார்ந்த காரணம் எதுவுமில்லை. எலும்பிடுக்குச் சதை ருசியில் குறைந்ததன்று. அதைக் கடித்து இழுத்துத் தின்னும் சுகம் நமக்குத் தெரியும். காஷ்மீரத்து வாஸ்வான் விருந்தில் வரும் தபக் மாஸ், அதே விலாவைச் சதையும் கொழுப்புமாக வேகவைத்து நெய்யில் பொரித்தது. அங்கே யாரும் எலும்பைச் சுரண்டுவதில்லை. ஐரோப்பிய மேசையில் கத்தியும் முள்ளும் ஆட்சிக்கு வந்தபின், கையால் பிடித்துக் கடிக்க வேண்டிய பகுதி நாகரிகக் குறைவாகத் தோன்றியது. அதை நீக்கிய துண்டு உயர்ந்ததாயிற்று. நீக்கிய எடைக்கும் சேர்த்தே வாங்குபவர் காசு கொடுக்கிறார்.

3. முதுகுக்கு மரியாதை செய்தவர்கள்

ஆனால் முதுகுக்கறிக்கு மதிப்பு, பிரெஞ்சு வெட்டோடு வந்த புதுப்பழக்கமும் இல்லை. ஹோமரின் இலியட்டில், சமாதானம் பேச வந்த தூதர்களுக்கு அக்கிலீஸ் விருந்து வைக்கும்போது செம்மறியின் முதுகும் கொழுத்த வெள்ளாட்டின் முதுகும் வெட்டுப்பலகைக்கு வருகின்றன. அவனே அரிந்து கம்பியில் கோக்கிறான். வேறோர் இடத்தில், போரில் நின்று காட்டிய வீரனுக்கு மாட்டின் முதுகுக்கறி தனிப் பங்காகப் போகிறது. மங்கோலியாவில் சாகான் சார் என்ற புத்தாண்டு மேசையின் நடுவில் வீற்றிருப்பது 'ஊட்ஸ்', கொழுத்த வாலோடு சேர்ந்த செம்மறியின் முழு முதுகு. சுடுவதில்லை, அவிப்பதுதான்.

மறுபக்கச் சாட்சிகளும் வலுவானவை. நபிகள் நாயகம் ஆட்டின் முன்னங்கால் கறியை விரும்பி உண்டதாக நபிமொழித் தொகுப்புகள் பதிவு செய்கின்றன. மத்திய ஆசியாவிலும் மேற்காசியாவிலும் வால்கொழுப்புச் செம்மறியின் வாலுக்குத் தனி மதிப்பு. கசாக் விருந்தில் பெரிய விருந்தாளிக்கு முன்னால் தலை வைக்கப்படும். வட இந்திய அரசவைச் சமையலின் 'ரான்', பின்தொடையை எலும்போடு முழுதாக ஊறவைத்துச் சுடுவது. பிரெஞ்சுக்காரரின் ஞாயிற்றுக்கிழமைக்கு 'ஜிகோ' என்ற தொடையும் வெளிர்பச்சை ஃபிளாஜோலே பீன்ஸும் வேண்டும். எனவே 'முதுகே முதன்மை' என்பது பழமையான வழக்குதான், பொதுவான வழக்கு இல்லை. சுடும் கலாசாரங்கள் மென்மையைத் தேடின. கொதிக்கவைத்தவை கொழுப்பையும் எலும்புச் சாறையும் தேடின. நம் ஒற்றை விலைப் பலகைக்கும் காரணம் அங்கேயே இருக்கிறது. குழம்பில் ஒரு மணிநேரம் கொதித்தால் தோளும் தொடையும் கழுத்தும் ஒன்றுக்கொன்று சமமாகிவிடும். சொல்லப்போனால் நெஞ்செலும்பு முந்திக்கொள்ளும்.

4. கிழட்டு மட்டனிலிருந்து பல் போடாத குட்டிக்கு

இன்று குட்டிக்கு இருக்கும் மதிப்பு, 19ஆம் நூற்றாண்டு பிரிட்டனில் முதிர்ந்த ஆட்டுக்கு இருந்தது. விக்டோரியா காலத்து விருந்து மேசையில் கௌரவம் பெற்றது மட்டன் சேடல். மூன்று நான்கு ஆண்டு மேய்ந்து வளர்ந்த, காயடித்த கிடாவின் முதுகு. சதையில் இறங்கிய ருசிக்காகவே அத்தனை ஆண்டு காத்திருந்தார்கள். காத்திருப்பதில் நட்டமும் இல்லை, ஆண்டுதோறும் கம்பளி கிடைத்துக்கொண்டிருந்தது.

மாற்றத்தின் விதையை அதற்கு முந்தைய நூற்றாண்டிலேயே லெஸ்டர்ஷயரின் டிஷ்லியில் ராபர்ட் பேக்வெல் (1725–1795) ஊன்றியிருந்தார். சீக்கிரம் கொழுக்கும் நியூ லெஸ்டர் இனத்தை அவர் உருவாக்கினார். கம்பளிக்கு வளர்த்த விலங்கை, விலைபோகும் துண்டுகள் கனக்கும் விலங்காக மாற்றுவது அவர் திட்டம். கொழுப்பு அதிகம், ருசி குறைவு என்று அன்றே குறை சொன்னார்கள்.

அடுத்த திருப்பம் கடல்வழியே வந்தது. 1882 பிப்ரவரி 15-இல் நியூசிலாந்தின் போர்ட் சால்மர்ஸ் துறைமுகத்திலிருந்து 'டனீடின்' என்ற பாய்மரக்கப்பல் உறைந்த இறைச்சியோடு கிளம்பியது. ஏறத்தாழ 5000 உடல்கள்; பெரும்பகுதி முதிர்ந்த ஆடு, சிறுபகுதி குட்டி. 98 நாள் கழித்து லண்டனில் இறக்கியபோது வீணென்று கழித்தது ஒன்றே ஒன்று. வெப்பமண்டலத்தில் குளிர்காற்றுக் குழாயைச் சரிசெய்யப் புகுந்த கேப்டன் ஜான் விட்சன் உறைந்து சாகப்பார்த்தார் என்பதும் அந்தப் பயணத்தின் கதை. அதன்பின் உலகின் மறுகோடியில் வளர்ந்த இளங்கறி பிரிட்டிஷ் தொழிலாளி வீட்டு ஞாயிற்றுக்கிழமைக்கு வந்து சேர்ந்தது. இருபதாம் நூற்றாண்டில் கம்பளி விலை சரிந்தபின் ஆட்டை நான்கு ஆண்டு வைத்திருக்க விவசாயிக்குக் காரணமும் இல்லாமல் போயிற்று. மட்டனை மீட்க 2004-இல் அன்றைய இளவரசர் சார்லஸ் ஓர் இயக்கமே தொடங்க வேண்டியிருந்தது.

குட்டி என்பதற்கு வரம்பு எது? நம் ஆட்டுச்சந்தையில் வாயைத் திறந்து பார்த்து 'பல் போடாத குட்டி', 'ரெண்டு பல்', 'நாலு பல்' என்று வயது சொல்வார்களே, சட்டங்களும் அதையேதான் செய்கின்றன. முன்பெல்லாம் நிரந்தர வெட்டுப்பல் முளைத்துவிட்டால் ஆஸ்திரேலியாவில் அது லேம்ப் என்ற பெயரை இழந்துவிடும். விலையும் ஒரே நாளில் இறங்கும். 2019 ஜூலையில் அந்த வரையறையைத் தளர்த்தினார்கள். பல் முளைத்திருந்தாலும் முழுதாக வளர்ந்து பயன்பாட்டுக்கு வராதவரை லேம்ப்தான் என்றார்கள். ஆட்டுக்கு ஒன்றும் மாறவில்லை. பெயரும் விலையும்தான் சில வாரம் நீடித்தன. ஒன்றிரண்டு பல் போட்டது 'ஹாகெட்'. மென்மையும் ருசியும் ஓரளவு சேர்ந்தே கிடைக்கும் வயது அது என்று சமையல்காரர் பலர் கருதுகிறார்கள்.

5. குளிர் செய்த குற்றம்

டனீடினின் வெற்றிக்குள் ஒரு கோளாறு ஒளிந்திருந்தது. உறையவைத்த நியூசிலாந்துக் குட்டிக்கறி சில சமயம் பூப்போல வரும், சில சமயம் செருப்புத்தோல். காரணம் பல காலம் பிடிபடவில்லை. 1960களின் தொடக்கத்தில் நியூசிலாந்து இறைச்சித் தொழில் ஆய்வு நிலையத்தில் லாக்கரும் ஹேகியார்டும் விடை கண்டார்கள். வெட்டியவுடன் தசை செத்துவிடுவதில்லை. சில மணிநேரம் அதில் ஆற்றல் இருக்கும். விறைப்பு வருமுன்னே கடுங்குளிருக்குள் தள்ளினால் தசைநார் சுருண்டு இறுகிவிடும். 1963-இல் வெளியான அந்தக் கண்டுபிடிப்புக்குக் குளிர்ச்சுருக்கம் என்று பெயர்.

இதில் முதலில் அடிபடுவது யார்? உடலின் மேற்பரப்பில், மெல்லிய கொழுப்புக்குக் கீழே கிடக்கும் அதே முதுகுத் தசைதான். சின்ன உடல் சீக்கிரம் குளிரும் என்பதால் மாட்டைவிடக் குட்டிக்கு ஆபத்து கூடுதல். பிறவியிலேயே மென்மையான தசையைக் குளிரறை கெடுத்துக்கொண்டிருந்தது.

தீர்வாக வந்தது மின்னூட்டம். வெட்டிய உடலில் சில நொடி மின்சாரத்தைப் பாய்ச்சினால் தசை துடித்து, மிச்ச ஆற்றலைத் தீர்த்துக்கொண்டு சீக்கிரம் விறைப்புக்கு வந்துவிடும். பிறகு குளிர் அதைச் சுருட்டாது. 1970களில் நியூசிலாந்து இதைத் தொழிற்சாலை முறையாக்கியது. உடலைப் பின்னங்கால் நரம்பில் தொங்கவிடாமல் இடுப்பெலும்பில் மாட்டித் தொங்கவிடுவது இன்னொரு வழி. தன் எடையாலேயே தசை இழுபட்டு நீளும். வெட்டுக்கு முன்னும் கவனம் வேண்டும். மிரண்டு ஓடிக் களைத்த ஆட்டின் தசையில் சர்க்கரைச் சத்து தீர்ந்துவிட, கறி கறுத்து வறண்டுபோகும். கடையில் உயர்தரம் என்று ஒட்டிய சீட்டுக்குப் பின்னால், கண்ணில் படாத இந்த வேலைகள் இருக்கின்றன.

இனப்பெருக்க ஆய்வும் இதே பாடத்தைக் கற்றது. 1983-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் பிறந்த ஒரு டார்செட் கிடாவின் வாரிசுகளில் சிலவற்றுக்குப் பின்புறமும் முதுகும் பருத்துத் திரண்டிருந்தன. 'அழகிய பின்புறம்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லால் அந்த மரபணு மாற்றத்தைக் கலிபிஜ் என்று அழைத்தார்கள். விலையுள்ள துண்டுகள் பெருத்த, கொழுப்பு குறைந்த ஆடு. வியாபாரிக்குக் கனவு நனவானதுபோல. வெந்தபின் கடித்துப் பார்த்தார்கள், முதுகுக்கறி ரப்பர். தசை வளர்ந்த அதே காரணத்தால், வெட்டியபின் தசையைத் தளர்த்தும் இயற்கை நொதிகளும் தடுக்கப்பட்டிருந்தன. ஆஸ்திரேலியாவில் நடந்த உண்போர் சோதனைகளும் இதையொட்டியே பேசின. கொழுப்பை ஒரேயடியாகக் குறைத்து வளர்த்தால் தசைக்குள் இழையோடும் கொழுப்பும் போய்விடும். அதோடு ருசியும் ஈரமும் போகும்.

6. மேய்ந்த நிலம்

பிரான்ஸின் மோன் சேன் மிஷேல் குன்றைச் சுற்றிய வளைகுடாவில், பெரிய ஓதங்களின்போது கடல் ஏறி மூடும் சதுப்புப் புல்வெளிகளில் செம்மறி மேய்கிறது. உமரியும் கடற்கரைச் செடிகளும் தின்று வளர்ந்த இந்தக் குட்டிக்கு 'ப்ரே சாலே', உப்புப்புல் ஆடு, என்று பெயர். ஐரோப்பிய ஒன்றியம் இதன் பிறப்பிடப் பெயருக்குப் பாதுகாப்பு கொடுத்திருக்கிறது. வேல்ஸின் கவர் தீபகற்பத்துச் சதுப்பு ஆட்டுக்கு 2021-இல் பிரிட்டனின் சொந்தத் திட்டத்தில் அதேபோன்ற முத்திரை கிடைத்தது. ஸ்காட்லாந்துக்கு வடக்கே நார்த் ரொனால்ட்சே தீவில் இன்னும் விசித்திரம். 19ஆம் நூற்றாண்டில் தீவைச் சுற்றிக் கல்சுவர் எழுப்பி ஆடுகளைக் கடற்கரைப் பக்கம் தள்ளிவிட்டார்கள். அவை கடற்பாசியைத் தின்றே வாழப் பழகிவிட்டன.

ஸ்பெயினின் காஸ்டில் பகுதியினர் நிலத்தையே நம்பவில்லை. தாய்ப்பால் மட்டும் குடித்த, 35 நாளுக்கு உட்பட்ட 'லெச்சாசோ' குட்டியை நான்காகப் பிளந்து, மண்தட்டில் தண்ணீரும் உப்பும் மட்டும் சேர்த்து விறகடுப்பில் சுடுகிறார்கள். புல்லைத் தொடாத குட்டியில் ஆட்டு வாடையே இராது. அங்கே ரேக் என்று தனியாகப் பிரிக்கும் பேச்சும் இல்லை. அத்தனை இளசில் எல்லாத் துண்டும் முதுகுக்கறியைப்போலத்தான்.

நிலம் உண்மையில் ருசியை மாற்றுகிறதா? ஆட்டு வாடைக்குக் காரணமான கிளைத்த கொழுப்பு அமிலங்களை நியூசிலாந்து ஆய்வாளர்கள் 1975-இல் அடையாளம் காட்டினார்கள். அவற்றின் நெருங்கிய உறவுதான் வெள்ளாட்டுக் கிடாவின் மொச்சை வாடை. இந்த அமிலங்கள் தானியத் தீவனத்தில் கூடும். பசும்புல் மேய்ச்சல் ஸ்கேட்டோல் என்ற வேறொரு வாடையைக் கொடுக்கும். எனவே தீவனம் ருசியைத் தொடுவது மெய். ஆனால் அந்த ருசி பெரும்பாலும் கொழுப்பில்தான் தங்குகிறது. சதுப்பு ஆட்டின் கறி உப்புக் கரிப்பதில்லை. கொழுப்பை முழுக்கச் சீவிய ரேக்கை வாங்குபவர், நிலத்துக்காகக் கொடுத்த காசில் ஒரு பங்கைக் கசாப்புக்காரரின் குப்பைத்தொட்டியிலேயே விட்டுவிடுகிறார்.

7. நெருப்பின் தீர்ப்பு

நம் வழக்கில் ரோஸ்ட் என்றால் கடாயில் மசாலா சுண்டச் சுண்ட வறுப்பது. ஐரோப்பியச் சுடல் வேறு. முதலில் அது எரியும் அடுப்பின் முன்னால் கம்பியில் சுழன்றது. ஓவன் பரவியபின் பெட்டிக்குள் போயிற்று. சூடு வெளியிலிருந்து மெல்ல உள்ளே நகர வேண்டும், தண்ணீர் உதவிக்கு வராது. அதனால்தான் எந்தத் துண்டு என்பது இவ்வளவு பெரிய கேள்வி.

ரேக்குக்கு 220 டிகிரி செல்சியஸ் ஓவனில் 20 நிமிடம் போதும். உள்வெப்பம் 55-ஐ ஒட்டி வரும்போது எடுத்துவிட்டால் ஓய்வெடுக்கும் நேரத்தில் இன்னும் மூன்று நான்கு டிகிரி தானே ஏறும். நடு ரோஜா நிறம். 65-ஐத் தாண்டினால் தசைப்புரதங்கள் இறுகி நீரைப் பிழிந்துவிடும். கொடுத்த விலைக்கு வறட்டுக் கறிதான் மிஞ்சும். அமெரிக்க வேளாண் துறையின் பாதுகாப்பு அளவு 63 டிகிரியும் மூன்று நிமிட ஓய்வும். நன்றாக வெந்த கறியே கறி என்று வளர்ந்த நாக்குக்கு ரேக் வீண்செலவு என்று தயங்காமல் சொல்லலாம்.

தோளுக்குக் கணக்கு தலைகீழ். அதன் கொல்லாஜன் கரைந்து ஊன்பசையாக மாற 70 டிகிரிக்கு மேல் பல மணிநேரம் வேண்டும். 18ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் ரம்ஃபோர்ட் பிரபு என்ற பெஞ்சமின் தாம்சன், உருளைக்கிழங்கு உலர்த்தத் தான் செய்த இளஞ்சூட்டுப் பெட்டியில் கறி வேகுமா என்று பார்க்க ஓர் ஆட்டுத்தோளை வைத்தார். மூன்று மணிநேரமாகியும் வேகவில்லை. சலித்துப்போய் விட்டுவிட்டார். மறுநாள் காலையில் திறந்தால் கறி பக்குவமாக வெந்து மணத்துக்கொண்டிருந்தது. பிரெஞ்சுக்காரரின் 'ஏழுமணி நேர ஜிகோ'வும் இதே அறிவுதான். கரண்டியால் எடுக்கும் பதத்துக்குத் தொடை வந்துவிடும்.

உயர்ந்த சூட்டில் முதலில் வாட்டினால் சாறு உள்ளேயே அடைபடும் என்று 1847-இல் ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் எழுதியதைச் சமையல் உலகம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நம்பியது. சாறு அடைபடுவதில்லை. வாட்டுவதால் கிடைப்பது, லூயி மயார் 1912-இல் விவரித்த வினையின் பழுப்பும் மணமும். ஆட்டுக் கொழுப்பு மாட்டுக் கொழுப்பையும்விடச் சீக்கிரம் உறையும் குணமுடையது. கறி ஆறினால் அண்ணத்தில் மெழுகாக ஒட்டும். தட்டைச் சூடாக்கிப் பரிமாறுவதும், புதினாவும் வினிகரும் கலந்த புளித்த சாறு பக்கத்தில் இருப்பதும் அதனால்தான்.

நெருப்பின் தீர்ப்பைச் சுருக்கினால், ரேக் விற்பது நேரத்தையும் நிச்சயத்தையும். அரைமணி நேரத்தில், ஒரு தெர்மாமீட்டர் துணையோடு, யார் சுட்டாலும் ஏறக்குறைய ஒரே பதம். உணவகங்கள் அதைக் கொண்டாடுவதன் காரணம் இது. ருசியின் அடர்த்தி உழைத்த தசையில் இருக்கிறது. அதைப் பெற நேரம் கொடுக்க வேண்டும்.

8. அதே எலும்பின் கீழ்ப்பாதி

பிரிட்டனிலோ நியூசிலாந்திலோ ஒரு குட்டியின் வெட்டிய உடல் சுமார் 20 கிலோ. சுத்தம் செய்த இரண்டு ரேக்கும் சேர்ந்து அதில் ஒன்றரைக் கிலோவைத் தாண்டுவது அரிது. ரேக்குக்குக் கேட்பு கூடினால் ரேக்கை மட்டும் கூட்டி உற்பத்தி செய்ய முடியாது. கூடவே வரும் பதினெட்டரைக் கிலோவையும் எங்காவது விற்றாக வேண்டும். இறைச்சி வணிகத்தின் தலைவலியே இந்தச் சமன்பாடுதான்.

நியூசிலாந்தின் செம்மறி எண்ணிக்கை 1982-இல் ஏழு கோடியைத் தொட்டது. 1984-இல் தொடங்கி அரசு மானியங்கள் நீங்கியபின் சரிந்து, இப்போது இரண்டரைக் கோடிக்கும் கீழே நிற்கிறது. ஆனால் ஆடு குறைந்த அளவுக்கு இறைச்சி குறையவில்லை. ஒவ்வொரு குட்டியும் கனமாக வளர்க்கப்படுகிறது. துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டு அதற்கதற்கு ஏற்ற நாட்டுக்குப் போகிறது. ரேக் ஐரோப்பிய, அமெரிக்க உணவகங்களுக்கு. தொடை பிரிட்டிஷ் ஈஸ்டருக்கு. இளவேனிலில் பிரிட்டனின் சொந்தக் குட்டிகள் பெரும்பாலும் தாய்மடியில்தான் இருக்கும் என்பதால்.

விலாவின் கீழ்ப்பாதி? ரேக்கிலிருந்து அறுத்தெடுத்த நெஞ்சோர, வயிற்றோரப் பகுதிக்கு வணிகப் பெயர் 'ஃபிளாப்'. கொழுப்பு மிகுந்த, மலிவான கறி. இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில் அது டோங்கா, ஃபிஜி, பப்புவா நியூ கினி என்று பசிபிக் தீவுகளுக்குப் பெட்டி பெட்டியாகப் போயிற்று. மீனும் கிழங்கும் உண்டு வாழ்ந்த தீவுகளில் உடல் பருமனும் நீரிழிவும் பெருகின. ஃபிளாப் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் அது அடையாளமாகிவிட்டது. பணக்கார நாடுகள் தாங்கள் தின்னாததை எங்கள்மேல் கொட்டுகின்றன என்ற கோபம் எழுந்தது. கரும்புத் தோட்டத்துப் பெண்களை எண்ணிப் பாரதி கலங்கிப் பாடிய ஃபிஜி, 2000-இல் ஃபிளாப் விற்பனைக்குத் தடை விதித்தது. இந்த வணிகத்தை ஆராய்ந்த மானுடவியலாளர்கள் டெபோரா கெவர்ட்ஸும் ஃபிரெடரிக் எரிங்டனும் 2010-இல் வெளியிட்ட நூலின் தலைப்பே 'மலிவு இறைச்சி'.

பிறகு கதை இன்னொரு முறை திரும்பியது. சீனாவில் கொதிநீர்ச் சட்டியைச் சுற்றி அமர்ந்து கறியை முக்கி எடுத்துத் தின்னும் ஹாட்பாட் பழக்கம் பெருக, காகிதம்போலச் சீவிய கொழுப்புக் கறிக்குக் கேட்பு எழுந்தது. ஃபிளாப்பின் பெரிய சந்தை சீனாவாயிற்று. தீவுகளுக்கு மலிவாகப் போய்க்கொண்டிருந்தது, விலையேறிய பண்டமாயிற்று. சதை மாறவில்லை. அதற்குப் பொருத்தமான சட்டி கிடைத்தது, அவ்வளவே.

முடிவாக

ஐந்து விடைகளையும் அருகருகே வைத்தால் ஒன்று தெளிவாகிறது. ரேக்கின் மென்மைக்கு உடற்கூறு பொறுப்பு. அந்த மென்மையைக் கப்பலேற்றிக் காப்பாற்றியது குளிரின் குணம் அறிந்த அறிவியல். இந்த இரண்டும் மெய்யான தரம். வெள்ளை எலும்பும் கிரீட வளையமும் கத்தியின் அலங்காரம். எட்டு விலா, இரண்டே துண்டு என்ற அருமை, கணக்கின் விளைவு. மிச்சமுள்ள விலை, சமைப்பவரின் நேரத்துக்கும் அச்சத்துக்கும் கொடுக்கும் காப்பீடு. 'எது உயர்ந்தது' என்ற கேள்விக்குச் சமைக்கும் முறையைச் சொல்லாமல் விடை சொல்ல முடியாது. அரைமணியில் ரோஜா நிறத்தில் சுட வேண்டுமா, ரேக்கே சரி. வீடு நிறைய ஆட்கள், நிதானமான ஞாயிறு என்றால் ஹாகெட் தொடையோ தோளோ பாதிச் செலவில் இரட்டிப்பு ருசி தரும். குழம்பு என்றால் ரேக்கைத் தொடுவதே பாவம்.

ஒரே விலா எலும்பு. மேல்பாதி வெள்ளைத் தட்டில் தனியாக நிற்கிறது. கீழ்ப்பாதி கடல் கடந்து யாரோ ஒருவர் சட்டியில் கொதிக்கிறது. இரண்டையும் பிரித்தது ஆறங்குல ரம்பம். நம் கறிக்கடைக்காரர் அந்த ரம்பத்தைப் பயன்படுத்துவதில்லை. சாப்ஸ் கேட்டால் விலாவை நெஞ்சோரச் சதையோடு நீளமாக வெட்டி, அப்படியே தராசில் போடுகிறார். எடை ஒன்று, விலையும் ஒன்று.